பெரியப்பாவும் ஒரு ஃபியட் 1100-ம்

2022 ஜூன் மாதம், மழை ஆரம்பிக்கிற நேரம். எங்கள் பிம்ப்ளே சௌதாகர் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு டோயிங் வண்டி வந்து நின்றது. அதன் முதுகில் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று. வாட்ச்மேன் இன்டர்காமில், "சாப், ஆப்கா பங்கார் ஆயா" என்றார். பங்கார் என்றால் இந்த ஊரில் காயலான் கடைச் சரக்கு. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வந்தது பங்கார் இல்லை. 1970 மாடல் ஃபியட் 1100 டிலைட். பெரியப்பாவின் வண்டி. அதற்குப் பின்னாலேயே ஒரு டாக்ஸியில் பெரியப்பாவும் வந்து இறங்கினார். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு மரப்பெட்டி. "பத்து நாள் இருப்பேம்ல" என்றார். பதினொரு மாதம் இருந்தார்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக் கொள்கிறேன். பெரியப்பா 1962-ல் அம்பாசமுத்திரத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர். ரயில்வே பட்டறையில் மெஷினிஸ்டாகச் சேர்ந்து முப்பத்தேழு வருஷம் லேத்தோடு குடும்பம் நடத்திவிட்டு ரிட்டயர் ஆனார். குடியிருந்தது செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தில். 1979-ல், தாதரில் இருந்த ஒரு பார்சி டாக்டரிடமிருந்து இந்த வண்டியை ஒன்பது வயதில் கடன் வாங்கி வாங்கினார். பெரியம்மா இருந்தவரை வருஷம் ஒருமுறை அதிலேயே மகாபலேஷ்வர். பெரியம்மா போனது 2011-ல். அன்றோடு வண்டியும் நின்றுவிட்டது. கட்டடத்தின் பின்பக்கம் ஒரு பாதாம் மரத்தடியில் பதினோரு மழைக்காலம் நின்றது.

பிறகு மும்பையில் எல்லாப் பழைய கட்டடங்களுக்கும் வருவது இதற்கும் வந்தது. ரீடெவலப்மென்ட். ஆட்கள் காலி செய்து வாடகை வீட்டுக்குப் போகலாம். கார் எங்கே போகும்? பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு இருபத்தெட்டாயிரம் என்றார். நாக்பூரில் இருக்கும் அக்கா "கொடுத்துருங்கப்பா" என்றாள். பெரியப்பா எனக்கு போன் செய்தார். "ஏலே, ஒங்க ஊர்ல எடம் இருக்கா?" நானும் ஆணி அதிகமில்லாத ஒரு மதியத்தில், யோசிக்காமல் "இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த இஞ்சினை இறக்கிப் பிரித்த பிறகுதான் இந்தியாவில் கார் செய்த கதையே எனக்குப் புரிந்தது. புத்தகத்தில் படித்தபோது வெறும் தேதிகளாக இருந்தவை எல்லாம் கிரீஸும் கரியுமாகக் கையில் ஒட்டின.

முதலில் வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இந்தியாவிலேயே கார் செய்ய வேண்டும் என்று 1930-களிலேயே ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் மைசூர் திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யா. அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் போய் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டுத் திட்டம் போட்டார். அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தவர் சோலாப்பூர்க்காரரான வால்சந்த் ஹீராசந்த். கப்பல் கம்பெனி, பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் என்று எதையெடுத்தாலும் பெரிதாகவே எடுத்த மனிதர். 1940-ல் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு ஒப்பந்தமும் போட்டுவிட்டார். ஆனால் யுத்த காலத்து பிரிட்டிஷ் சர்க்கார் ஆதரவு தரவில்லை. 1944-ல்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பிறந்தது. பம்பாய் குர்லாவில் தொழிற்சாலை. முதலில் அமெரிக்கப் பெட்டிகளைப் பிரித்து டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் என்று பூட்டிக் கொடுத்தார்கள். அதே காலத்தில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிறகு நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார்.

"பூட்டிக் கொடுப்பது" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்தே இதைச் செய்து கொண்டிருந்தது. ஃபோர்டும் செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு டாரிஃப் கமிஷன் விசாரித்து, 1953-ல் ஒரு முடிவு வந்தது: படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம், பூட்டி மட்டும் விற்பவர்கள் கிளம்பலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆனார்கள். அடுத்த முப்பது வருஷத்துக்கு இந்தியாவில் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே சொல் இருந்ததற்குக் காரணம் இதுதான். இது நல்லதா கெட்டதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்னமும் அடித்துக் கொள்கிறார்கள். என் கட்சியைப் பிறகு சொல்கிறேன்.

பிரீமியருக்குக் கிடைத்த இத்தாலிக்காரர் ஃபியட். 1953-ல் ஜெனீவா கண்காட்சியில் ஃபியட் ஒரு சின்ன நாலு கதவு வண்டியைக் காட்டியது. டான்டே ஜியாகோசா என்ற மேதையின் கைவண்ணம். தனியாகச் சட்டம் இல்லாமல் உடம்பே சட்டமாக இருக்கும் மோனோகாக் அமைப்பு. அடுத்த வருஷமே, 1954-ல், அது குர்லாவில் வந்து இறங்கியது. யோசித்துப் பாருங்கள், உலகத்துக்குக் காட்டி ஒரே வருஷத்தில் பம்பாயில். அந்த முதல் வண்டியின் உருண்டையான முன்பக்கத்தைப் பார்த்து மராட்டிக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் "டுக்கர் ஃபியட்". டுக்கர் என்றால் பன்றி. 1964-ல் புது உடம்போடு 1100 டி வந்தது. இங்கே அதற்கு டிலைட் என்று பெயர். இத்தாலியில் விற்ற 1100 டி-க்கு 1221 சிசி இஞ்சின். நமக்குக் கிடைத்தது பழைய 1089 சிசியேதான். உடம்பு புதுசு, இதயம் பழசு.

லால் பகதூர் சாஸ்திரி வாங்கியதும் இந்த வண்டிதான். விலை 12,000 ரூபாய். கையில் 7,000 இருந்ததால் பஞ்சாப் நேஷனல் பேங்கில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். பிரதம மந்திரி கார் லோன் வாங்கிய கதை! 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் பாக்கி இருந்தது. அவர் மனைவி லலிதா சாஸ்திரி தன் பென்ஷனிலிருந்து கட்டி முடித்தார். டெல்லியில் அவர் நினைவகத்தில் அந்த வண்டி நிற்கிறது. இதை மகளிடம் சொன்னபோது, "இஎம்ஐ எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். ஐடி வீட்டுப் பிள்ளை.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம்.

அபார்ட்மென்டில் வைத்து வேலை பார்க்க முடியாது. செக்ரட்டரி முதல் நாளே வந்துவிட்டார். தாத்தவடே பக்கம் ஆபீஸ் நண்பர் ஒருவரின் மாமனாருக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. அங்கே தள்ளிக் கொண்டு போனோம். சனி, ஞாயிறு மட்டும் வேலை. ஆட்கள்: எண்பத்தொரு வயதுப் பெரியப்பா, நாற்பத்தாறு வயது நான், பதினாலு வயது மகள். தங்கமணி லெமன் சாதம் சப்ளை.

முதலில் நானா பேட்டில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு டீசல் இஞ்சின் போட்டுடலாம் சாப். ரெண்டே வாரம்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை, எத்தனையோ ஃபியட்டுகள் அப்படித்தான் காலம் தள்ளின. எனக்கும் சபலம்தான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட்டுத் துணியில் மூர் அண்ட் ரைட் மைக்ரோமீட்டர் இரண்டு, டெலஸ்கோப்பிக் கேஜ் ஒரு செட், ஃபில்லர் கேஜ், ஒரு மஞ்சள் நோட்டு. "மொதல்ல அளந்து பாப்போம்" என்றார்.

எடுத்து நீட்டும்போதுதான் கவனித்தேன். கை நடுங்கியது. மைக்ரோமீட்டர் பெட்டியோடு உரசி கடகடவென்று சத்தம் போட்டது. பார்க்கின்சன்ஸ் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒரு அங்குலத்தை முப்பத்தேழு வருஷம் பிடித்த கை.

மகள்தான் சட்டென்று கேஜை வாங்கினாள். "நான் பிடிக்கிறேன் பெரிய தாத்தா, நீங்க சொல்லுங்க." அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. அவர் சொல்லுவார், அவள் செய்வாள். நான்? ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன்.

ஸ்பானர் என்றதும் ஒரு விஷயம். அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப்புகளில் இரண்டு செட் ஸ்பானர் இருக்கும். அம்பாசடர் இங்கிலாந்து மோரிஸின் வாரிசு என்பதால் அதற்கு அங்குல ஸ்பானர். ஃபியட் இத்தாலி என்பதால் மில்லிமீட்டர். மெட்ரிக் முறைக்கு நம் நாடு 1956-ல்தான் சட்டம் போட்டது. அதற்கு முன்பே மில்லிமீட்டரில் பேசிய கார் இது. பெரியப்பாவின் மைக்ரோமீட்டரோ அங்குலம். ஆகவே ஒவ்வொரு அளவையும் 25.4-ஆல் பெருக்கு, வகு. சிலிண்டர் குறுக்களவு 68 மில்லிமீட்டர், அதாவது 2.677 அங்குலம். மஞ்சள் நோட்டில் இந்த மாற்றல் கணக்கெல்லாம் 1979-லேயே எழுதி வைத்திருந்தார். மகள் போன் கால்குலேட்டரில் சரிபார்த்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

இஞ்சின் ஜாம். பதினோரு வருஷம் நின்றால் பின்னே? நாலு பிளக் ஓட்டைகளிலும் டீசல் ஊற்றி ஊற வைத்தோம். ஒன்பது நாள். அடுத்த ஞாயிறு கிராங்க் புல்லியில் நீளமான கம்பி போட்டு நானும் நண்பரும் தொங்கினோம். ஒரு "டக்". அவ்வளவுதான், சுற்றியது. பெரியப்பா "மெதுவா, மெதுவா" என்று அதட்டியதில் குரல் உடைந்திருந்தது. செயின் பிளாக் போட்டு இஞ்சினை இறக்கினோம்.

பிரித்துப் பார்க்க இவ்வளவு எளிமையான இஞ்சின் நான் கண்டதில்லை. வார்ப்பு இரும்பு பிளாக், அதன் மேல் அலுமினிய ஹெட். கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளே, ஒரு செயின் சுற்றுகிறது. கேம் தள்ளினால் புஷ்ராட் மேலே போகிறது, ராக்கர் சாய்கிறது, வால்வ் திறக்கிறது. கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றே மெயின் பேரிங். ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பதினாலு வயதுப் பெண்ணுக்குப் புரிகிறது. நாப்பது குதிரை சக்தி, அவ்வளவுதான்.

பிஸ்டனை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவியபோது மகள் கூப்பிட்டாள். "அப்பா, இதுல 020-ன்னு போட்டிருக்கு."

அப்படியென்றால் வண்டி ஏற்கெனவே ஒருமுறை போர் பண்ணப்பட்டிருக்கிறது. சிலிண்டர் தேய்ந்தால் உள்சுவரைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 020 என்றால் இருபது தௌ, ஆயிரத்தில் இருபது அங்குலம். பெரியப்பா பிஸ்டனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எண்பத்தாறுல" என்றார். "புகையா தள்ளிச்சு. வித்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒங்க பெரியம்மாதான் ரெண்டு வளையலக் கொண்டு வச்சா. நான் திருப்பல. முழுகிப் போச்சு."

ஷெட்டில் யாரும் பேசவில்லை. மழை மட்டும் தகரத்தில் அடித்துக் கொண்டிருந்தது. அந்த நாலு பிஸ்டன்களும் பெரியம்மாவின் வளையல். இது எந்தப் புத்தகத்தில் இருக்கும் சொல்லுங்கள்.

ஒரு ரிப்பேருக்கு ஏன் வளையல் போக வேண்டும் என்று இப்போது தோன்றலாம். அந்தக் காலத்துச் சூழ்நிலை அப்படி. புது வண்டிக்கு வருஷக்கணக்கில் க்யூ. பணத்தைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அலாட்மென்ட் கிடைத்தவர் அப்படியே அதிக விலைக்குக் கைமாற்றி விடுவார். 1969-ல் அரசாங்கம் கார் விலையை நிர்ணயித்தது. கார் கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். பிரீமியர் பெயரிலேயே 1971-ல் தீர்ப்பு வந்தது. ஒரு காரை எத்தனை ரூபாய்க்கு விற்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் உட்கார்ந்து கணக்குப் பார்த்த நாடு நம்முடையது. அதனால் வைத்திருப்பவர்கள் இருக்கிற வண்டியைத்தான் கட்டிக் காப்பாற்றினார்கள். இந்தியாவில் இவ்வளவு நல்ல மெக்கானிக்குகள் உருவானதற்கு நம் கல்லூரிகளை விட இந்த க்யூ பெரிய காரணம் என்பது என் கட்சி. (நான் இஞ்சினியரிங் காலேஜில் படித்தவன், ஒரு நட்டைக் கூடக் கழற்றாமல் பாஸானேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.)

இடையில் பெயரும் மாறியது. 1972-ல் ஃபியட்டோடு லைசென்ஸ் முடிந்தது. வண்டிக்குக் கொஞ்ச காலம் பிரீமியர் பிரசிடென்ட் என்று பெயர். 1974-லிருந்து பிரீமியர் பத்மினி. சித்தூர் ராணி பத்மினியின் பெயராம். ஊரில் எங்கள் அம்மாவுக்கு பத்மினி என்றால் தில்லானா மோகனாம்பாள்தான், காருக்கு அவர் பெயரை வைத்ததாகவே கடைசி வரை நம்பினார். நான் திருத்தவில்லை :-)

1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். க்யூ அந்தப் பக்கம் நகர்ந்தது. பிரீமியர் சும்மா இருக்கவில்லை. நிசான் இஞ்சின் போட்ட 118 என்இ வந்தது, பத்மினிக்கே டீசல் இஞ்சின் வந்தது, ஸ்டீரிங் பக்கத்தில் இருந்த கியர் தரைக்கு வந்தது, தொண்ணூறுகளில் பெஜோவோடு கூட்டு வந்தது. எதுவும் பெரிதாக எடுபடவில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்மினி உற்பத்தி நின்றது. மீதிக் காலத்தை மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிக்காரர்கள் ஓட்டினார்கள். தாட்தேவ் ஆர்டிஓவில் கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29. டாக்ஸிக்கு இருபது வயதுதான் வரம்பு என்பதால் 2023 அக்டோபர் 30-லிருந்து மும்பைத் தெருவில் பத்மினி டாக்ஸி கிடையாது.

இந்த டாக்ஸிகள் உடைபட்டதால்தான் எங்களுக்குப் பாகங்கள் கிடைத்தன என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை. குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய சாமான் கடைகளில் ராக்கர் ஷாஃப்ட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஆயில் பம்ப் எல்லாம் கோணிப்பையில் கிடந்தன. வண்டி பிறந்த அதே குர்லாவில்! புனே ஜூனா பஜாரில் ஒரு புதன்கிழமை, பெட்டி பிரிக்காத 040 பிஸ்டன் செட் ஒன்று கிடைத்தது. விலையைத் தங்கமணிக்குச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன்.

040 ஏன் என்றால், மகள் அளந்ததில் நாலாவது சிலிண்டர் மேல் விளிம்பில் ஆறு தௌ தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் நாற்பது தௌவுக்குக் கடைந்தார்கள். பெரியப்பா மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொண்டார். பட்டறைப் பையன் முதலில் எரிச்சலானான். அரை மணி நேரத்தில் "அங்கிள், இந்த ஸ்பீட் சரியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். கடைந்து முடித்ததும் பெரியப்பா ஒரு கணக்குப் போட்டார்: 1089 சிசி இப்போது 1122 சிசி. ஐம்பது வயதுக்கு மேல் கொஞ்சம் தொப்பை போடுவது இயல்புதானே.

ஹெட்டை சமமாக்கி, வால்வுகளைப் பேஸ்ட் தடவி உட்கார வைக்கும் வேலை முழுக்க மகளுடையது. உள்ளங்கைகளுக்கு நடுவில் குச்சியை வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். எட்டு வால்வ். ஒவ்வொன்றிலும் பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தாள். பெட்ரோல் என்றால் அதிலும் ஒரு கதை. இந்த இஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலைக் குடித்து வளர்ந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் நாடு முழுக்க நின்றது. 2022-ல் பத்து சதவீதம் எத்தனால், பிறகு இருபது. பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், ஹோஸ் எல்லாம் புதுசாக மாற்றினோம்.

நவம்பரில் பிஸ்டன்களை உள்ளே இறக்கினோம். ஒன்று, இரண்டு மகள். மூன்று, நாலு நான். எனக்கும் ஆசை இருக்காதா? ஹெட் போல்டுகளை நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, டார்க் ரெஞ்சில் மூன்று தவணையாக முறுக்கினோம். ஆயில், தண்ணீர், பாட்டரி. பெரியப்பா சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவை பிடித்துக் கொண்டது. மகள் கத்தினாள். நண்பரின் மாமனார் தேங்காய் உடைத்தார்.

இரண்டு நிமிஷம் கழித்து ஷெட் முழுக்க நீலப் புகை.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் தண்ணீர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பெரியப்பா இஞ்சினை அணைக்கச் சொல்லி, பிளக்குகளை வரிசையாகக் கழற்றச் சொன்னார். ஒன்று, இரண்டு காய்ந்திருந்தன. மூன்றும் நாலும் ஆயிலில் குளித்திருந்தன. மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

திரும்ப ஹெட்டைக் கழற்றி, சம்பைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்தால், இரண்டாவது ரிங் இரண்டிலும் தலைகீழ். "டாப்" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். ஆயிலைச் சுரண்டிக் கீழே தள்ள வேண்டிய ரிங், தலைகீழாகப் போட்டால் மேலே ஏற்றி விடும். எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வெட்கத்தில் சொல்லவில்லை. புது கேஸ்கெட் ஒன்று வீண், மூன்று வாரம் வீண்.

பெரியப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மருந்து டப்பாவைத் திறக்க முடியாமல் தடுமாறிக் கொண்டிருந்தார். நான் திறந்து கொடுத்தேன். "நான் கை நடுங்குதுன்னு சொல்லல. நீ கண்ணு தெரியலன்னு சொல்லல. நல்ல குடும்பம்லே" என்று சிரித்தார்.

உடம்புக்கும் செலவு வைத்தது. செம்பூர் கடல் காற்று தரைத் தகட்டைச் சல்லடையாக்கியிருந்தது. டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று நாலு மாதம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, பணம் கொடுத்தேன், காத்திருந்தேன்.

பேப்பர் வேலை வேறு. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். தனி வரிசையில் "விஏ" எழுத்தோடு நம்பர் பிளேட் கிடைக்கும். டீசல் இஞ்சின் போட்டிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் வின்டேஜ் வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் மாதிரிதான். பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஊர்வலத்துக்கா வண்டி வாங்கினேன்?" சாதாரண ரிஜிஸ்ட்ரேஷனையே ஐயாயிரம் ரூபாய் கட்டிப் புதுப்பித்தோம். பழைய நம்பர், பழைய பெயர்.

2023 மே மாதம் ஒரு ஞாயிறு விடிகாலை, பழைய மும்பை ரோட்டில் கிளம்பினோம். புது போர் என்பதால் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடித்து முந்தினார்கள். நான் ஓட்ட, முன் பெஞ்ச் சீட்டில் நடுவில் மகள், ஓரத்தில் பெரியப்பா. பின்னால் தங்கமணியும் லெமன் சாதமும். லோனாவாலா தாண்டி கண்டாலாவில், காட் இறங்குவதற்கு முன் ஓரம் கட்டச் சொன்னார். மும்பையிலிருந்து ஏறி வரும்போது ரேடியேட்டர் கொதித்து, பெரியம்மாவும் அவரும் எப்போதும் நிறுத்துகிற இடமாம்.

பானெட்டைத் திறந்தார். இஞ்சின் ஓடிக் கொண்டிருந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வ் மூடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கை ஆடியதால் சரியாகக் கேட்கவில்லை போல. மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டாள்.

"மூணாவது டேப்பட் லேசா அடிக்குது. கேட்டுப் பாரு."

அவள் வாங்கி வைத்துக் கேட்டாள். கண்ணை மூடிக் கொண்டாள். இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள்.

"இல்ல பெரிய தாத்தா. நாலாவது."

அவர் மறுபடி வாங்கிக் கேட்டார். இந்த முறை ரொம்ப நேரம்.

"நாலாவதுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, அந்த ஃபில்லர் கேஜ எடு" என்றார்.